பேரைச் சொல்லுங்க, போய்ச் சொல்றோம்

"இருப்பதற்கு நன்றியோடு இருங்கள்" என்று இலங்கையின் தேயிலை மலைகளில் வாழும் மலையகத்து மக்களைப் பார்த்து யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நெடுங்காலம் அப்படித்தான். இப்போது அந்தப் பேச்சோடு எனக்குப் பாதிச் சமாதானம் ஆகியிருக்கிறது. மீதிப் பாதி ஆகவில்லை, ஆகவும் வேண்டாம். எது எந்தப் பாதி என்று எனக்கே தெளிவாக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இதைக் கிளப்பிவிட்டது ஹட்டனில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறை. தோட்டப் பெண்கள், வேலை தேடும் பிள்ளைகள், எங்களைப் போன்ற ஆசிரியர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. பேச வந்தவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், எங்களை மதித்துத்தான் பேசினார். 'இது எனக்கு வரவேண்டியது, இன்னும் வரவில்லையே' என்ற நினைப்பு ஒருவரை உள்ளிருந்து தின்றுவிடும், அதற்கு மருந்து நன்றியுணர்வு, தினமும் படுக்கப்போகுமுன் ஒரு கொப்பியில் நன்றி சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களை எழுதுங்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பல்கலைக்கழக மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைப் பத்துக் கிழமைகள், கிழமைக்கு ஒரு தடவை, நன்றிக்குரியவற்றை எழுத வைத்தார்கள். இன்னொரு குழு எரிச்சல் தந்தவற்றை எழுதியது. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்ல எண்ணத்தோடும், வரப்போகும் நாட்களைப் பற்றிக் கூடுதல் நம்பிக்கையோடும் இருந்தார்கள். ஆகவே கொப்பி வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பேச்சு முடிந்ததும் கேள்வி இருந்தால் கேட்கச் சொன்னார்கள். பின்வரிசையில் ஒரு பெரியம்மா எழுந்தார். ஓய்வுபெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். "யாருக்குச் சொல்லணும் சேர்? பேரைச் சொல்லுங்க, போய்ச் சொல்றோம்" என்றார். குரலில் சண்டை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேச்சாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடவுளுக்கு, இயற்கைக்கு, இந்த வாழ்க்கைக்கு என்றார். பெரியம்மா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது, கூட்டம் கலைந்தது. பொகவந்தலாவை பஸ்ஸில் டிக்கோயா, நோர்வூட் எல்லாம் தாண்டியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கேட்டு வாங்கிய நன்றி

அது ஏன் இங்கே இவ்வளவு கனக்கிறது என்று மலையகத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து இந்த மலைக்கு வந்ததே கடனோடுதான். வழிச்செலவு, சோற்றுச் செலவு, கம்பளிக் காசு எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறி, தோட்டத்தில் கால் வைத்த அன்றே கடன்காரர் ஆனார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால், இவ்வளவு கடன் நிற்கிறது என்று எழுதிய துண்டு கையில் வேண்டும். போகிற தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை நிறுத்தினார்கள். காகிதத்தில் கடன் தீர்ந்தாலும் மனதில் தீர விடவில்லை. கூட்டிவந்த கங்காணிக்கு விசுவாசம், வேலை கொடுத்த துரைக்கு விசுவாசம், லயம் என்கிற வரிசை வீட்டில் கொடுத்த பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கும் விசுவாசம். துரை வருகிறார் என்றால் பாதையை விட்டுத் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக இறங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். என் தாத்தா அப்படி நின்றதை அம்மா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அம்மா துரையைத் திட்டுவதில்லை, தாத்தாவின் வெறுந்தலையில் மழை விழுந்ததைத்தான் சொல்வார்.

அப்புறம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம், அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது, 1964-இல் இந்தியாவோடு செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தபோது அந்தத் தலைகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. அப்படி மிஞ்சி நின்றவர்களிடம் 'இருக்க விட்டோமே, அது போதாதா' என்ற தோரணையில் பேசுவது இன்னும் முழுதாக ஓயவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று நம் மக்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள், 2021-இல்தான் வந்தது. அந்த நாட்களில் "லயம் சும்மா, தண்ணி சும்மா, இன்னும் என்னத்துக்கு" என்று எவ்வளவு பேர் சொன்னார்கள் என்பதை நான் மறக்கவில்லை. சொன்னவர்களில் சிலர் நம் பக்கத்து ஆட்கள்தான் என்பது கூடுதல் வேதனை.

ஆகவே சமாதானம் ஆகாத பாதி இதுதான். உழைத்ததற்குச் சம்பளம், வீடு கட்டிக்கொள்ள ஒரு துண்டுக் காணி, தோட்டத்து ஆபீஸைச் சுற்றிவராமல் கடிதம் நேராக வந்துசேர ஒரு முகவரி, இவற்றைக் கேட்பவர்களிடம் போய் இருப்பதை எண்ணிப் பார் என்று சொல்வது நன்றியைக் கற்றுக்கொடுப்பது ஆகாது, அவர்கள் வாயை அடைப்பதுதான். இதில் நான் யாரோடும் எந்த மேடையிலும் வாதாடத் தயார்.

எனக்கு இதுவா

ஆனால் இந்த வரலாறு முழுவதும் என் பக்கம் இருப்பதாலேயே, நான் என் சொந்த மனதைப் பார்க்காமல் காலம் தள்ளிவிடலாம் என்பதும் தெரிந்தது. அந்தப் பெரியம்மா கேட்டது எனக்கு வசதியான கேள்வி. அதை அவர் கேட்டால் நியாயம். கல்வியியற் கல்லூரி முடித்து, மாதச் சம்பளம் வாங்கி, ஓய்வூதியமும் உறுதியான நான் அதே கேள்விக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள முடியுமா?

எங்கள் லயத்திலிருந்து பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்படிப் போகிற பிள்ளையை வீடு எப்படி வளர்க்கும் என்று இங்கே பலருக்கும் தெரியும். உள்காம்பராவில் மேசை அவனுக்கு. அவன் படிக்கிறான் என்றால் தொலைக்காட்சி நிற்கும், இஸ்தோப்பில் பேச்சுக்குரல் தாழும். ரொட்டி சூடாக முதலில் அவனுக்கு வரும். பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுக்க அவனை அனுப்பமாட்டார்கள். கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்த அம்மாவும் அக்காவும் உடுப்பை மாற்றிய கையோடு அடுப்படிக்குப் போவார்கள், அவன் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்த வேண்டியதில்லை. யாரும் கொடுமை செய்யவில்லை, யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு உலகமே தன்னைச் சுற்றிச் சத்தம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றாவிட்டால்தான் அதிசயம். அட்டை கடிக்கும்போது வலிக்காது, காலில் இரத்தம் வழிவதைப் பார்த்த பிறகுதான் தெரியும். இந்த நினைப்பும் அப்படித்தான் ஒட்டுகிறது.

எனக்கு அது நியமனம் வந்தபோது வெளியே தெரிந்தது. மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து தேயிலை மலைக்குள்ளே ஏறிப்போகிற ஒரு சின்னப் பாடசாலை. தரம் 9 வரைதான். ஒரே மண்டபத்தைத் தட்டி வைத்து வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். எனக்கு இதுவா என்று மனம் புகைந்தது. நான் எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தேன், என் பெறுபேறு என்ன, என்னோடு படித்தவர்கள் நுவரெலியா டவுனில் இருக்கிறார்கள், எனக்கு மட்டும் இந்த மூடுபனியும் ஏற்றமுமா? வகுப்பில் நான் குறை வைக்கவில்லை. பாடத்தைச் சரியாகத்தான் நடத்தினேன். ஆனால் அங்கே இருந்த ஒவ்வொரு நாளும் யாரோ எனக்குச் செய்த அநியாயம் என்ற எண்ணத்தோடுதான் கதிரையில் உட்கார்ந்தேன். அந்த எண்ணம் ஓர் ஆசிரியரிடம் இருந்தால் பிள்ளைகளுக்கு அது தெரியும். தாங்கள் யாருக்கோ கிடைத்த தண்டனை என்று பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

'நான் கஷ்டப்பட்டுப் படித்தேன்.' இந்த வரியைப் பொய் என்று சொல்லமாட்டேன். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த இரவுகள் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வரியில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார். அதுதான் அதில் உள்ள கோளாறு என்று எனக்குத் தெரிய ஒரு பிஸ்கட் டின் தேவைப்பட்டது.

பத்தொன்பதாவது நாள்

பாடசாலை விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா தன் ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்கித் தரச் சொல்லி என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அக்கா சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னாலேயே பாடசாலையை விட்டவள். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆன ஆண்டு அது. கொஞ்ச காலம் வீட்டைப் பார்த்தாள், பிறகு தோட்டத்தில் பேர் பதிந்தாள். எனக்கு இவ்வளவுதான் தெரியும், தெரிந்ததாக நினைத்திருந்தேன்.

தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஒரு சின்னக் காகிதம்தான், ஆனால் அதில் ஒரு வீட்டின் முழு மாதமும் இருக்கும். எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், எத்தனை நாள் வந்தாள், மேலதிகக் கிலோ எவ்வளவு என்று ஒரு பக்கம். மறுபக்கம் பிடிப்புகள்: ஈ.பி.எப்., சங்கத்துச் சந்தா, கோயில் பணம், மரணச் சங்கம், தேயிலைத்தூள், தீபாவளி முற்பணத்தின் தவணை. அடுக்கிக்கொண்டே வந்தபோது 2014 ஜூன் மாதச் சீட்டில் கை நின்றது. வேலை கொடுத்த நாள் 25. வந்த நாள் 19.

நின்றதற்குக் காரணம், அந்த மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆகஸ்டில் எனக்கு உயர்தரப் பரீட்சை. ஹட்டனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, தென்மேல் பருவமழை கொட்டுகிற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூஷன் காசு வாங்க வீட்டுக்கு வந்தேன். அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். விடாத காய்ச்சல், கண் சிவந்திருந்தது. "படுத்துக்கயேன்" என்று சொன்னேன். "மாசக் கடைசில படுக்கிறேன்" என்றாள். அது என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை. மாதம் முடிந்ததும் டியூஷனுக்கும் மீட்டல் வகுப்புக்கும் சேர்த்து 3,000 ரூபாய் வந்தது. ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தேன்.

இப்போது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டேன். 2013-இல் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 450 ரூபாய். அதோடு விலைப்பங்குக் கொடுப்பனவு 30. இவற்றுக்கு மேல் வரவுக் கொடுப்பனவு நாளுக்கு 140. மூன்றையும் கூட்டித்தான் 620 ரூபாய் சம்பளம் என்று பேப்பரில் போட்டார்கள். ஆனால் அந்த 140 எல்லோருக்கும் இல்லை. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்திருந்தால்தான் உண்டு. ஒரு நாள் குறைந்தாலும் அந்த மாதம் வந்த எல்லா நாட்களின் 140-உம் போய்விடும். 25 நாளில் 75 வீதம் என்றால் 19 நாள் வந்தாக வேண்டும். 18 நாளோடு நின்றிருந்தால் அக்காவுக்கு 480 வீதம் 8,640 ரூபாய். 19 நாள் வந்ததால் 620 வீதம் 11,780. அந்த ஒரு நாளின் பெறுமதி 3,140 ரூபாய்.

நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். காய்ச்சலோடு, தலையில் போர்த்திய கொங்காணியும் இடுப்பில் கட்டிய படங்குமாக, மழைக்குள் நின்று அவள் எடுத்த கடைசி ஒரு நாள் வேலைதான் என் டியூஷன் காசு. கிட்டத்தட்ட ரூபாய்க்கு ரூபாய். நான் கஷ்டப்பட்டுப் படித்தேன் என்ற வரிக்குள் அன்றைக்குத்தான் இரண்டாவது ஆள் வந்தாள். வந்தவள் ஓரமாக நிற்கவில்லை, வரியின் நடுவிலேயே நின்றாள்.

அடுப்படிக்குப் போய்ச் சீட்டைக் காட்டிச் சொன்னேன். இந்த மாதம் உனக்குக் காய்ச்சல், நீ போன அந்தப் பத்தொன்பதாவது நாளில்தான் எனக்கு வகுப்புக்குக் காசு வந்தது என்று, நாளையும் தொகையையும் சொல்லியே சொன்னேன். அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தாள். "ஆமா, போனேன். கங்காணிகூட வேணாம்னுதான் சொன்னாரு. சீட்டக் கசக்காத, ஈ.பி.எப்.-க்கு வேணும்" என்றாள். அவ்வளவுதான். என் கண் கலங்கியதை அவள் பார்க்கவும் இல்லை, பார்த்தாலும் பொருட்படுத்தியிருக்கமாட்டாள். மா பிசைந்துகொண்டிருந்தாள்.

நான் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எனக்கும் படிக்க ஆசைதான் தம்பி. யாரும் கேக்கல. நானும் சொல்லல" என்றாள்.

இந்த ஒரு பேச்சுதான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது. சீட்டைப் பார்த்தபோது என் மனதில் அக்கா தியாகியாகிவிட்டாள். தியாகி என்று ஒருவரை ஆக்கிவிட்டால் மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அவள் மனமுவந்து எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்றாள். அதாவது அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தது அப்பாவின் வருத்தமா, 75 வீதக் கணக்கா, ஆம்பளப் பிள்ளை படிக்கட்டும் என்ற வீட்டு முடிவா என்று பிரித்துப் பார்த்தால் எல்லாம்தான். பயன் எனக்கு வந்தது. தெரிவு இல்லாமல் கொடுத்த ஒருத்திக்கு நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால், அதுவும் அவளிடமிருந்து இன்னொன்றை எடுப்பதுதான். இந்த முறை மன்னிப்பை.

கொப்பியில் ஐந்து விஷயம் எழுதுவதில் எனக்குக் குறையாகப் படுவது இங்கேதான். நல்ல வீடு, நல்ல வேலை, காலைத் தேத்தண்ணி என்று எழுதிக்கொண்டு போகலாம். மனம் இலேசாகும். ஆனால் அந்தத் தேத்தண்ணிக்குப் பின்னால் ஆள் இல்லை. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், அதை யாரோ ஒருத்தி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியிருக்கிறாள். அந்த ஒருத்தியை விட்டுவிட்டு அதிர்ஷ்டத்துக்கு நன்றி சொன்னால், 'எனக்கு வரவேண்டியது' என்ற நினைப்பு எங்கும் போகாது. நான் அதிர்ஷ்டசாலி என்று சட்டை மாற்றிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். பெரியம்மா கேட்டது சரி. பேர் வேண்டும்.

பேர் தேடுவது

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு பழக்கம் வந்தது. எனக்குக் கிடைத்த ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அது யார் கைவழியாக வந்தது என்று பின்னால் போய்ப் பார்ப்பேன். பேர் கிடைத்து, ஆளும் உயிரோடு இருந்தால், நேரில் போய், என்ன செய்தார்கள் என்பதைக் குறிப்பாகச் சொல்வேன். பொதுவாக 'உங்களால்தான் நான்' என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, நம்பவும் தேவையில்லை. குறிப்பாகச் சொன்னால் பேச்சு வளர்கிறது. அம்மா கொழுந்தெடுக்கப் போன நேரங்களில் என்னைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்காம்பரா ஆயாவைத் தேடிப் போனேன். என்னைப் பற்றிக் கேட்டது கொஞ்சம்தான். அந்த ஆண்டு அங்கே கிடந்த பிள்ளைகளின் பேர்களை வரிசையாகச் சொல்லி, எந்தப் பிள்ளையின் தாய் எந்த மலையிலிருந்து பால் கொடுக்க ஓடிவருவாள், யார் பிந்துவாள், பிந்தினால் கணக்கப்பிள்ளை என்ன சொல்வார் என்று ஒரு பெரிய கதையே சொன்னார். எனக்குக் கிடைத்ததைத் தேடிப் போனால் மற்றவர்களுக்குக் கிடைக்காமல் போனதும் கூடவே வருகிறது. இந்தப் பழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், சில நேரம் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான்.

பாடசாலையிலும் கேட்டேன். நான் வெறுத்துக்கொண்டிருந்த அந்த மண்டபத்துக்கு மண்ணும் கல்லும் பாதையிலிருந்து மேலே சுமந்தது பெற்றோர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், சம்பளம் இல்லாமல். அதில் சிலருடைய பேரப்பிள்ளைகள் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். அந்தக் கட்டடம் எனக்குக் கிடைத்த தண்டனை என்று இனி எப்படி நினைப்பது? நுவரெலியா டவுனில் வேலை கிடைத்தால் போவேனா என்றால் போவேன், பஸ் வசதி முக்கியம். ஆனால் புகைச்சல் போய்விட்டது. தரம் 8-இல் ஒரு பிள்ளை அடிக்கடி வராமல் இருந்தாள். முன்னைய நான் வரவுப் பதிவேட்டில் கோடு போட்டுவிட்டு இருந்திருப்பேன். வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அவளிடம் "உனக்குப் படிக்க ஆசையா" என்று தாய் தகப்பன் முன்னாலேயே கேட்டேன். யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பின்னால் போகப் போக, நேரில் பார்க்க முடியாத ஆட்களிடம் வந்து நிற்கிறது. பதினாறு வயதில் பாடசாலை மூலமாக எனக்குத் தேசிய அடையாள அட்டை வந்தது. போட்டோ எடுத்தது தவிர நான் எதுவும் செய்யவில்லை. என் தாத்தா நாடற்றவராகவே செத்துப்போனார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் 2003-இல்தான் வந்தது. இடையில் எத்தனை பேர்! தோட்டம் தோட்டமாகப் போய்ச் சங்கம் கட்டிய நடேசய்யர், கூட்டம் கூட்டமாகப் பாடி ஆட்களைச் சேர்த்த மீனாட்சியம்மாள், 1940-இல் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் இறந்த கோவிந்தன், 1977 மே மாதம் டெவனில் தோட்டக் காணிகளைப் பறிப்பதை எதிர்த்து நின்று சூடுபட்டு இறந்த சிவனு லெட்சுமணன். இவர்களில் ஒருவராவது இருப்பதற்கு நன்றியோடு இருந்திருந்தால் என் பர்ஸில் அந்த அட்டை இருந்திருக்காது. நன்றியா, உரிமைக் கோரிக்கையா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்கள் இந்தப் பேர்களை யோசிக்க வேண்டும். எனக்காகக் கேட்டவர்களுக்கு நான் வைக்கக்கூடிய நன்றி, கேட்பதை நிறுத்தாமல் இருப்பது.

அதோடு, நம் ஆட்களுக்கு நன்றி தெரியாது என்று யாரும் பாடம் எடுக்கவும் வேண்டாம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் மலையில் கவ்வாத்துச்சாமிக்குப் படைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கல், அதற்குப் பொட்டு, முன்னால் வரிசையாகக் கவ்வாத்துக் கத்திகள், தேங்காய், கற்பூரம். வெட்டுப்படப் போகிற செடிக்கும், வெட்டப்போகிற கத்திக்கும், காயம் படக்கூடாத கைக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. அங்கே துரை வந்தாலும் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். கான் ஓரத்தில் தலை குனிந்து நின்ற அதே தாத்தா இந்தக் கல்லுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்டு வாங்கிய நன்றியும் தானாக வந்த நன்றியும் ஒரே ஆளிடம் இருந்திருக்கின்றன. நான் முதலாவதை வெறுத்த வேகத்தில் இரண்டாவதையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்த்தேன்.

அக்காவின் டின்

அக்காவுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று அவளிடமே கேட்டேன். சேலை எடுத்துக் கொடுப்பதெல்லாம் வேண்டாம், முதலில் அந்த ஈ.பி.எப். வேலையை முடி என்றாள். சரி என்று இறங்கினோம். அவள் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்க வேண்டும், தோட்டம் 12 வீதம் சேர்க்க வேண்டும், இரண்டும் மத்திய வங்கியில் உள்ள அவள் கணக்குக்குப் போய்ச்சேர வேண்டும். கணக்கு அறிக்கையையும் டின்னில் இருந்த சீட்டுகளையும் மாதம் மாதமாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சீட்டில் பிடித்ததாக இருந்து, கணக்கில் வராத மாதங்கள் இருந்தன. அவள் அதிர்ச்சியடையவில்லை. இதற்காகத்தானே எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் வைத்திருந்த பதிவு, நான் இதுவரை வைத்த எந்தப் பதிவேட்டையும் விடச் சுத்தமாக இருந்தது.

தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாட்டுக் கடிதம் நான் எழுதினேன். முதல் வரைவை வாசித்துக் காட்டினேன். 'தயவுகூர்ந்து', 'தாழ்மையுடன்', 'கருணை கூர்ந்து' என்றெல்லாம் பழக்கத்தில் வந்து விழுந்திருந்தன. அக்கா பாதியில் நிறுத்தினாள். "நாம என்ன கடனா கேக்கிறோம்? எந்த மாசம் வரல, எவ்வளவு வரலன்னு மட்டும் எழுது. சீட்டு நம்பரையும் போடு." அப்படியே எழுதினேன். வராத மாதங்களை வரிசையாகப் போட்டு, சீட்டுகளின் போட்டோப் பிரதிகளை இணைத்து, கீழே அவள் பேரை எழுதி நீட்டினேன். ஒரு தடவை முழுதாக வாசித்துவிட்டு, ஒரு மாதத்தின் தொகையில் நான் விட்டிருந்த நாற்பது சதத்தையும் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். லீவு எடுத்துக்கொண்டு அவளும்தான் வருகிறாள், ஹட்டனுக்கு, திங்கட்கிழமை.